பழைய மின்கார்: விலை மலிவு, கணக்கு கட்டுமா?

நம் உறுப்பினர்கள் பலரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "ஓடுகிற பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு, பழைய மின்கார் ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன?" என்பதே அக்கேள்வி. இது எழுந்ததில் வியப்பில்லை. பெட்ரோல் விலை நூறு ரூபாயைத் தொட்டு ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊர் சிப்காட் வளாகத்திலேயே வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் வெளிவந்தபின் விற்பனையான வண்டிகள் ஐந்து வயதைக் கடந்து, கைமாறும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. புதிதில் பதினைந்து லட்சம் கொடுத்து வாங்கப்பட்ட வண்டி ஏழு லட்சத்திற்குக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதற்கு முன் ஈரம் பார்த்து, எடை பார்த்து, வண்டிக்கூலி சேர்த்து அடக்கவிலை போடுகிறவர்கள் நாம். ஏழு லட்ச ரூபாய் கொள்முதலுக்கு அடக்கவிலை போடாமல் இருக்கலாமா?

முதல் கணக்கு: ஓட்டச் செலவு

நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். நகருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், ஆண்டுச் செலவு சுமார் 85,700 ரூபாய்.

மின்காருக்கு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று பிடிப்போம். விற்பவர் இதைவிடக் கூடுதலாகச் சொல்லுவார். சார்ஜ் ஏறும்போது ஏற்படும் சேதாரத்தையும், குளிர்சாதனம் இழுப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதுவே நியாயமான அளவு. 12,000 கிலோமீட்டருக்கு 2,000 யூனிட். கடையின் வணிக இணைப்பில் யூனிட் 11 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் ஆண்டுக்கு 22,000 ரூபாய்தான். மிச்சம் 63,700. எண்ணெய் மாற்றுதல், கிளட்ச், பெல்ட் போன்ற பராமரிப்புகள் இல்லாததால் இன்னுமொரு 5,000 சேர்த்துக்கொள்ளலாம். ஆக 68,700 ரூபாய்.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். பேரேட்டின் பற்றுப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாம் கணக்கு: முடங்கும் முதல்

கையிலிருக்கும் பெட்ரோல் கார் இன்று 3 லட்சம் பெறும் என்போம். பழைய மின்கார் 7 லட்சம். மேற்கொண்டு போட வேண்டியது 4 லட்சம். 11 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 44,000. அடுத்து மதிப்புத் தேய்மானம். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பெட்ரோல் கார் 1 லட்சத்திற்கும், மின்கார் இரண்டரை லட்சத்திற்கும் விலைபோகும் என்று வைத்தால், பெட்ரோல் காரில் நாம் இழப்பது 2 லட்சம்; மின்காரில் இழப்பது நாலரை லட்சம். கூடுதல் இழப்பு இரண்டரை லட்சம், அதாவது ஆண்டுக்கு 50,000. வட்டியும் தேய்மானமும் சேர்ந்து 94,000 ரூபாய். மிச்சமோ 68,700. ஆண்டுக்கு 25,300 ரூபாய் கையைக் கடிக்கிறது.

இதே கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 16,800 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 56 கிலோமீட்டர், ஓட்டுகிறவருக்குத்தான் வரவும் செலவும் சமமாகும். அதற்கு மேல் ஓடினால் லாபம். கடைக்கும் வீட்டிற்கும் வங்கிக்கும் மட்டும் ஓட்டுகிறவர் நாளுக்கு 56 கிலோமீட்டர் எங்கே போவார்?

வட்டியை 11 சதவீதம் என்று போட்டதே வங்கிக் கணக்குக்காகத்தான். மளிகை வணிகத்தில் முதல் சுழல்வது வேறு வகை. மாதத்திற்கு ஒருமுறை சரக்கு திரும்பி, செலவு போக 2 சதவீதம் நின்றாலும் ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிறது. சரக்கில் இருக்க வேண்டிய 4 லட்சத்தை வாசலில் நிறுத்தி வைத்தால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்துக் கழிவு வாங்க முடியாமல், கடன் சொல்லி நிற்க நேரும். பெருநிறுவனக் கடைகளும், கைப்பேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் போட்டிக்கு நிற்கும் காலத்தில் நம்மைக் காப்பது கையிருப்பு முதல் ஒன்றுதான்.

வேறொருவர் நிலை

பழைய கார் ஓய்ந்துபோய், எப்படியும் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்குக் கணக்கு மாறுகிறது. 5 லட்சத்திற்குப் பழைய பெட்ரோல் கார், அல்லது 7 லட்சத்திற்குப் பழைய மின்கார். கூடுதல் முதல் 2 லட்சம்தான், வட்டி 22,000. பெட்ரோல் கார் ஐந்து ஆண்டில் 2 லட்சத்திற்கு இறங்கினால், தேய்மான வித்தியாசம் ஆண்டுக்கு 30,000. மொத்தம் 52,000. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 68,700 மிச்சம். நிகர லாபம் 16,700. நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினாலே கணக்கு கட்டிவிடும்.

ஆகவே, நன்றாக ஓடும் காரை விற்று மின்காருக்கு மாறுவது ஒரு கேள்வி. புதிதாக வாங்கும்போது எதைத் தேர்வது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பணம் போகிறது. மேலே கண்ட விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உறுப்பினர்கள் தங்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜ் போட இடம் உண்டா?

இக்கணக்கு முழுவதும் சொந்த இடத்தில் சார்ஜ் செய்பவருக்கே பொருந்தும். வெளியில் வேகச் சார்ஜ் நிலையங்களில் யூனிட் 22 ரூபாய் என்றால், எப்படியும் ஒன்று வாங்கியே ஆக வேண்டியவருக்குக்கூட ஆண்டுக்குச் சுமார் 13,500 கிலோமீட்டர் ஓடினால்தான் சமமாகும். வீட்டு இணைப்பில் போடுகிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. ஆண்டுக்கு 2,000 யூனிட் என்பது இரு மாதத்திற்கு 333 யூனிட். வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டியதும் மின்வாரியத்தின் விலைப்பட்டியலே மாறி, மொத்தப் பில்லும் ஏறிவிடும்.

தூரப் பயணத்தையும் எண்ண வேண்டும். பருப்பும் வத்தலும் எண்ணெயும் வாங்க விருதுநகர் போய்வரும் நம்மவர்கள் அநேகர். போக நூறு, வர நூறு கிலோமீட்டர் ஆகும். 30 யூனிட் பேட்டரி கொண்ட ஐந்து வயது கார் ஒரே சார்ஜில் போய்த் திரும்பும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் நிறுத்திச் சார்ஜ் போடும் நேரத்தையும் செலவில் எழுத வேண்டும். திருநெல்வேலி, திருச்செந்தூர், கோவில்பட்டி என்ற வட்டத்திற்குள் சுற்றுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

பேட்டரியைப் பார், பெயிண்டைப் பாராதே

மின்காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே. 2024-இல் உலகச் சராசரியாக லித்தியம் பேட்டரித் தொகுப்பின் விலை கிலோவாட் மணிக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க் நிறுவனத்தின் ஆய்வு கூறியது. அதன்படி 30 யூனிட் பேட்டரிக்கு ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். அது தொழிற்சாலைக் கொள்முதல் விலை. நம் கைக்கு வரும்போது இன்னும் கூடும். பேட்டரி விலை ஆண்டுக்காண்டு இறங்கி வருவது நல்ல செய்திதான். ஆனால் புதிய கார் விலை இறங்க இறங்க, நாம் வாங்கி வைத்த பழைய காரின் மதிப்பும் கூடவே இறங்கும்.

பல மின்கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரி உத்தரவாதம் உண்டு. அது முதல் பதிவு நாளிலிருந்து எண்ணப்படுவது. 2020 வண்டிக்கு 2028-இல் முடிந்துவிடும். இரண்டாவது உரிமையாளருக்கு அது செல்லுமா, வாடகை வண்டியாக ஓடியிருந்தால் செல்லுமா என்பதைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். டில்லி, பெங்களூரு நகரங்களில் மின்டாக்சி ஓட்டிய புளூஸ்மார்ட் நிறுவனம் 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான மின்கார்கள் ஓடாமல் நின்றன. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் நின்ற பேட்டரி எதுவானாலும் அதை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். வெளிமாநிலப் பதிவு வண்டி மலிவாக வந்தால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, ஊர்கள் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையும் மூழ்கியது. மின்காரின் பேட்டரி இருப்பது தரைத்தளத்தின் அடியில். ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்ற தரச்சான்று, இரண்டு மூன்று நாள் நீரில் நின்ற வண்டிக்குக் காப்பாகாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள்; சேற்றுக்கறை தெரியும். பழைய காப்பீட்டுக் கோரிக்கை விவரத்தைக் கேளுங்கள். வண்டியைத் தூக்கி, அடியில் உள்ள இணைப்புகளில் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

வரியும் சட்டமும்

புதிய மின்வாகனத்திற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பது 2019 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ளது. ஆனால் பழைய மின்காரைப் பதிவுபெற்ற வியாபாரியிடம் வாங்கினால், அவருடைய லாப வித்தியாசத்தின் மீது 18 சதவீதம் என்று 2024 டிசம்பரில் ஜெய்சல்மர் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்து, 2025-இல் நடைமுறைக்கு வந்தது. தனிநபரிடம் தனிநபர் வாங்கினால் இது இல்லை. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்காருக்கும் பெட்ரோல் காருக்கும் இருந்த விலை இடைவெளியை இதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்கார்க் கடன் வட்டிக்கு வருமான வரியில் ஒன்றரை லட்சம் கழிவு என்று விற்பவர் சொன்னால் ஏமாறாதீர்கள். 2023 மார்ச் 31-க்குள் ஒப்புதலான கடனுக்கு மட்டுமே அது. காருக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவும் நமக்குக் கிடையாது. சரக்கு வண்டிக்கு உண்டு.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நம்மில் பலருக்கு மாற்ற வேண்டிய வண்டி கார் அல்ல. லோடு ஆட்டோவும் குட்டி யானையும்தான். தினமும் 60, 70 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே சுற்றி, இரவில் கடை வாசலில் நிற்கும் வண்டி அது. மஹிந்திரா ட்ரியோ சோர் போன்ற மூன்று சக்கர மின்வண்டிகள் அரை டன் சுமக்கும். மின்வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய அரசு விலக்கு அளித்துள்ளது. பழையதை வாங்குகிறவர், பேட்டரி லித்தியமா, பழைய ஈய அமில வகையா என்று மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். மாறாக, சொந்த உபயோகத்திற்குப் பதிவான காரில் மூட்டை ஏற்றினால், வழக்கும் காப்பீட்டுச் சிக்கலும் வரும்.

சங்கம் செய்ய வேண்டியது

தனித்தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வதற்குத்தான் சங்கம். மொத்தக் கடைகள் உள்ள பகுதியில், வண்டி சரக்கு இறக்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏறும்படி பொதுச் சார்ஜ் நிலையம் அமைக்க மாநகராட்சியிடமும் மின்வாரியத்திடமும் நாம் கேட்க வேண்டும். கைமாறும் மின்வாகனத்திற்குப் பேட்டரிச் சான்று கட்டாயம் என்று அரசு விதி செய்ய வேண்டும். வெள்ளத்தில் காப்பீடு பெற்ற வண்டிகளின் விவரம் பதிவுப் புத்தகத்திலேயே தெரியவேண்டும் என்றும் வலியுறுத்த வேண்டும். நம் ஊர்த் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வாகனப் பழுதுபார்ப்பைப் பயின்ற இளைஞர்கள் பெருகினால், வண்டி பழுதாகும்போது மதுரைக்கு இழுத்துச் செல்லும் செலவு மிஞ்சும்.

தாமிரபரணி மண் சேர்ந்து கடல் விலகியபோது, கொற்கை வணிகம் காயலுக்கு நகர்ந்தது; பின்னர் தூத்துக்குடிக்கு வந்தது. இடம் மாறத் தெரிந்ததால்தான் இக்கரையில் வணிகம் நிலைத்தது. மின்வண்டிக்கும் நாம் மாறத்தான் போகிறோம். ஓடும் காரை ஓடும்வரை ஓட்டுவோம். அது ஓய்ந்து அடுத்தது வாங்கும் நாளில் மின்காரைக் கணக்கில் வைப்போம். லோடு வண்டியை அதற்கும் முன்னதாக மாற்றுவோம். எதைச் செய்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முந்தின இரவில் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, நம் ஓட்டம் எத்தனை கிலோமீட்டர், நம் முதலுக்கு வட்டி எவ்வளவு என்ற இரண்டையும் எழுதிப் பார்த்துவிடுவோம்.