வரைபடம் படிக்கத் தெரிந்த நூலகர் வேண்டும்

நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில், ஏரிக்கரைத் தகராறு ஒன்றுக்காகப் பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடம் தேவைப்பட்டது. இரண்டு மாதம் தேடினோம். கடைசியில் அது பழைய அடையாள அட்டைகளின் கட்டுக்குள் கிடந்தது. மேலே 'கார்த்' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அட்டை என்றும் பொருள், வரைபடம் என்றும் பொருள். பிள்ளையிலிருந்து பிரெஞ்சில் படித்த எனக்கு அது தெரியும், கட்டியவருக்குத் தெரியவில்லை. அதற்குள் கரையில் நான்கு கடைகள் முளைத்துவிட்டன.

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, இனி என்ன கவலை?" என்கிறார்கள். கவலை கூடித்தான் இருக்கிறது ஐயா. புதுவையின் அட்சரேகை ஏறத்தாழ 11.93, தீர்க்கரேகை 79.83. இரண்டையும் இடம் மாற்றி ஏற்றினால் நம் ஊர் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய் நிற்கும். கம்ப்யூட்டர் அதையும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். பழைய இந்திய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் என்னும் பூமி அளவின்படி வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு அளவைப் பின்பற்றுகிறது. எது எந்த அளவு என்று குறிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். ஏரிக்கரை யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும்!

எந்த ஆண்டு அளந்தது, யார் அளந்தது, எந்த அளவில், எந்த அலகில் என்று எழுதிவைப்பது யார் வேலை? "அதற்கு என்ஜினீயர் இருக்கிறார்" என்பது சோம்பேறிப் பதில். மென்பொருள் செய்தவர் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவார். விவரம் எழுதி, வகைப்படுத்தி, கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது நூலகரின் தொழில். அவரையோ புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையோடு நிறுத்திவிட்டோம்.

நம் சீர்காழி ரங்கநாதன் கணித ஆசிரியர்தான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், லண்டன் போய்த் தொழில் கற்றார். கணக்கு வாத்தியார் நூலகம் கற்கலாமென்றால் நூலகர் வரைபடம் கற்கக் கூடாதா? கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். கற்றுக்கொடுக்கத்தான் மனம் வேண்டும்.

புதுவையில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் காடுகளை வரைபடமாக்கியது. அன்று எங்கே காடு இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் அதுபோன்ற தாள்கள்தான் சாட்சி. சாட்சியை அட்டைக் கட்டில் புதைக்காதீர்கள். வேலைக்கு வரும் ஒவ்வொரு நூலகருக்கும் சில மாதமாவது இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். அந்த நான்கு கடைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.