பள்ளத்துக்கும் பாறைக்கும் டீசல்தான் என்னும் பிடிவாதம்

மின்சாரத்தில் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனம், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை செல்லும் வாகனம், நகரச் சாலைக்கு மட்டுமே உரியது என்றும், சேறும் பாறையும் காட்டாறும் குறுக்கிடும் தடங்களுக்கு டீசல் எஞ்சினே தகும் என்றும் ஓதப்படும் பல்லவி, 2025 ஜூனில் முன்னும் பின்னும் மோட்டார் பொருத்திய டாட்டா ஹாரியர் மின்வாகனம் சந்தைக்கு வந்த பின்னும் ஓய்ந்தபாடில்லை.

இப்பல்லவிக்குப் பதில் மெர்சிடிஸ் ஜி கிளாஸிடம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1979 முதல் உருவாகி, அருகிலுள்ள ஷோக்கல் மலையின் கற்பாதையில் சோதிக்கப்பட்டுவரும் அவ்வாகனம், எஞ்சின் பூட்டிய வடிவில் 70 செ.மீ. ஆழ நீரைக் கடக்கும். 2024இல் அறிமுகமான அதன் மின்வடிவமான ஜி 580, 85 செ.மீ. ஆழத்தைக் கடக்கும். அதே நிறுவனம், அதே மலை, ஏறத்தாழ அதே உடற்கட்டு; கூடுதல் 15 செ.மீ. மின்சாரத்தின் பக்கமே நிற்கிறது. எஞ்சின் மூச்சுவிட்டாக வேண்டும். காற்றுக்குழாய் வழியே நீர் புகுந்தால், அழுத்தத்துக்கு இணங்காத அந்நீரின் மீது பிஸ்டன் மோத, இணைப்புத்தண்டு வளைந்து எஞ்சின் பாழாகிறது. ஹைட்ரோலாக் எனப்படும் இக்கேட்டினால் 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னைப் பட்டறைகளில் கார்கள் வரிசைகட்டி நின்றதைக் கண்டவர்களே, நீரில் இறங்கினால் மின்வாகனம் ஷாக் அடிக்கும் என்று அச்சுறுத்துவது பொறுப்பற்ற செயல். முறையாக அடைக்கப்பட்ட உறைக்குள் இருக்கும் மோட்டாருக்குக் காற்றே வேண்டியதில்லை.

பாறையிலும் நிலை இதுவே. அச்சைச் சுழற்றும் திறனாகிய முறுக்குவிசையை எஞ்சின் தருவதற்கு அது முதலில் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். ஆகவே முழங்கால் உயரக் கல்லில் முன்சக்கரம் முட்டி நிற்கையில், கையால் கியர் மாற்றும் வண்டியின் ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கிளட்ச் கருகும் வாடை எழ, வண்டியைக் கல்லின்மேல் எறிய நேர்கிறது. மோட்டாரோ அசையாத நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தருவதால், டயர் கல்லைக் கவ்வி விரல் விரலாக ஏறுகிறது. ஜி 580இல் சக்கரத்துக்கு ஒரு மோட்டார் என நான்கு இருப்பதால், வழுக்கும் சக்கரத்தின் விசையைக் கணினி நொடிப்பொழுதில் குறைத்துப் பிடிப்புள்ள சக்கரத்தை முடுக்குகிறது. அதன் எடை மூன்று டன்னைத் தாண்டும் என்று குறைகூறுவோர், அந்த எடையில் கணிசமான பங்கு வகிக்கும் மின்கலம் சட்டகத்துக்குள் தாழ அமர்ந்து வண்டி கவிழாமல் காக்கிறது என்பதை மறைக்கின்றனர். மலையிறங்கும்போது பேட்டரிக்கு ஓரளவு மின்சாரமும் திரும்புகிறது. டீசல் தொட்டிக்கு எந்த இறக்கமும் ஒரு சொட்டுக்கூடத் தந்ததில்லை.

டீசல்தான் என்னும் இப்பிடிவாதத்தைவிடக் கொடிது, இந்தியச் சந்தையில் எஸ்யூவி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் மிகப் பல முன்சக்கரங்கள் இரண்டால் மட்டுமே இயங்குவது. உயர்ந்த கூரையும் முரட்டு முகப்பும் காட்டி, ஈரமண் மேட்டில் சக்கரம் வெறுமனே சுழல, நகராமல் நிற்கும் வண்டியை மலையேறும் வாகனமாக விளம்பரம் செய்வது ஏமாற்று வேலை. எத்தனை சக்கரங்களுக்கு விசை செல்கிறது, எத்தனை செ.மீ. நீரைக் கடக்கலாம் என்ற இரண்டையும் விலைக்கு அருகிலேயே அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.