வழி தவறிய ஒரு பகல்

ஜப்பானின் கனசாவா நகரில் ஒரு பகல் முழுவதும் குறிக்கோளின்றி நடந்தேன். “இத்துணைப் பொருள் செலவிட்டுச் சென்று தெருவில் திரிவதா?” எனக் கடிகின்றனர் நண்பர்கள். குற்றத்தை ஒப்புகிறேன், தீர்ப்பை மறுக்கிறேன்.

மாயேதா மரபினர் ஆண்ட கோட்டை நகர் அது. படையெடுத்து வருவோர் திகைக்க வேண்டும் என்றே தெருக்களை வளைத்தும் முடக்கியும் அமைத்தனர். பட்டியலும் கடிகாரமுமாக வருவோரிடம் அத்தெருக்கள் இன்றும் முகங்கொடுப்பதில்லை. கென்ரோகுயென் பூங்காவில் அரை மணி, 1820இல் அமைந்த கீழைத் தேநீர் விடுதித் தெருவில் கால் மணி, நான்கு புகைப்படங்கள், உடனே இரயில் நிலையம். 2015 முதல் அதிவேக இரயில் தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணியில் கொண்டுசேர்க்கிறது. மிச்சம் பிடித்த நேரத்தை இவர்கள் என்ன செய்தனர்?

நாகமாச்சிப் பகுதியில் வழி தவறியபோதுதான் நான் கண்டேன்: பழைய மண்சுவர்கள் பனியில் சிதையாதிருக்க வைக்கோற்பாய் போர்த்தியிருந்தனர். பனிச்சுமையில் முறியாதிருக்கப் பைன் மரக் கிளைகளைக் கயிற்றால் தாங்கியிருந்தனர். சுவருக்கும் மரத்துக்கும் பரிவு காட்டும் ஊரை ஓடிக்கொண்டே அறிய இயலுமா?

இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு மணிக்கும் அலுவலகத்தில் கணக்குக் கொடுத்தவன் நான். பயணத்தையும் கோப்பாக்கிக் குறிப்பெழுதி மூடுவோமாயின், நமக்கென்று எஞ்சும் நாள் எது? வீணடித்தவர் யார் என்பதை அன்பர்களே கூறுக!