கருப்பும் நானும்

எனக்கு மாயமந்திரத் தொடர் என்றாலே ஆகாது. 2002ல் 'மெட்டி ஒலி' வந்தபோது, ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் கண் கலங்கினால் இங்கே கேளம்பாக்கத்தில் எனக்குச் சோறு இறங்காது. குடும்பக் கதை என்றால் அப்படி!

அதற்கு முன்பே, 1997ல், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' வந்தது. குதிரைக் குளம்படி கேட்டதுமே, குழந்தை பயப்படுவாளே என்று டிவியை அணைத்துவிடுவேன். 'நல்ல அம்மா' என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கும் அதே பெண், "யூட்யூப்ல இருக்கு, பாக்கலாமா?" என்கிறாள்.

"இந்தச் சமயத்துலயா?"

"நீ பாதியில அணைச்சதாலதாம்மா கொல்லைப் பக்கம் போகவே நடுங்கினேன். காலேஜ்ல முடிவைப் பாத்தப்புறம்தான் பயம் போச்சு."

சுருக்கென்றது.

சாமி செய்வதாக ஊரே நம்பும் கொலைகளுக்குப் பின்னால் இருப்பது, சிறு வயதில் மனசில் விழுந்த காயமாம். (முடிவைச் சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள்!) அப்படியானால் இதுவும் வீட்டுக் கதைதானே, சகோதரிகளே?

தூக்கம் கெடக்கூடாதென்று ராத்திரியில் வேண்டாம், மத்தியானம் இரண்டு பகுதி மட்டும் என்று முடிவு செய்தோம். நேற்று அவள் பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். மூன்றாவதைப் போட்டது நான்தான்.