பொய் சொல்லத் தூண்டுவது யார்?

பத்தொன்பது வயதில் நண்பர்களோடு கஞ்சாப் புகைத்தான் ஓர் இளைஞன். எட்டாண்டுகள் கழிந்தன. பழக்கம் அன்றே ஒழிந்தது. இன்று அரசாங்க உத்தியோகத்துக்கான பாதுகாப்பு விசாரணைப் படிவம் அவன் கையில் இருக்கின்றது. உண்மையை எழுதுவதா, மறைப்பதா? றத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் மாத்தளைக்கு வந்து நம்மிடம் இக்கேள்வியைக் கேட்ட பெற்றோர் பலர். "மறைத்துவிடு" என்று ஊரார் சொல்லிக் கொடுக்கின்றனர். சட்டம் படித்த நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். ஆயினும், "உண்மையை எழுது" என்று சொல்லும்போது நமது நெஞ்சு துணுக்குறுகின்றது. எழுதியவன் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம் அல்லவா?

அமெரிக்கா 2017 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாதுகாப்பு அனுமதி விதிகளில் போதைப்பொருட் பாவனை ஒரு தலைப்பு. நேர்மையீனம் வேறொரு தலைப்பு. பழைய தவறு, காலம் கடந்து, மீளாது என்று தெளிந்தால் மன்னிக்கப்படலாம். வேண்டுமென்றே படிவத்திற் பொய் எழுதியவனுக்கோ தப்புவது அரிது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2016 இல் அவதார் சிங் வழக்கிலே, தகவலை மறைத்தலாகாது என்றது. ஆனால் இளமையிற் செய்த அற்பக் குற்றத்தை மறைத்திருப்பினும், அதன் தன்மையை நிறுத்துப் பார்த்து மன்னிக்கலாம் என்றது. தெளிவாகக் கேட்ட கேள்விக்கே விடை கூறும் கடப்பாடு உண்டென்றும் கூறிற்று.

இங்கே நடப்பது என்ன? தோட்டத்து இளைஞன் சிங்களத்தில் நடக்கும் விசாரணையைப் பாதி விளங்கியும் விளங்காமலும் நிற்கின்றான். தவணைக்குத் தவணை ஒருநாட் கூலி போகின்றது. "ஒப்புக்கொள், தண்டப்பணத்தோடு போய்விடலாம்" என்கிறார் யாரோ ஒருவர். ஒப்புக்கொள்கின்றான். அன்று அவன் கட்டியது தண்டப்பணம் மட்டுமன்று. தன் வருங்காலமும் அதனோடு போயிற்று என்பதை அவன் அறியான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கோ, 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவைக் காட்டி வாதாடச் சட்டத்தரணி இருக்கின்றார். குற்றத் தீர்ப்பின்றியே எச்சரித்து விடுவிக்க நீதவானுக்கு அதிகாரமளிக்கும் பிரிவு அது. ஒரே கஞ்சா, இரண்டு விதி!

பின்னர், "எப்போதாவது பொலிஸ் விடயம் உண்டா?" என்ற வழவழாக் கேள்வி. எச்சரித்து விடுவிக்கப்பட்டவன் "இல்லை" என்றால் பொய்யனா? "ஆம்" என்றால் ஏன் தள்ளப்பட்டான் என்று எவரும் சொல்வதில்லை. தேசிய பாதுகாப்பு என்ற திரை இறங்கிவிடுகின்றது. முடிவுக்குக் காரணம் கூறும்படி 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 35 ஆம் பிரிவிற் பணித்திருப்பதை மேசைக்குப் பின்னால் இருப்போர் படிக்கவில்லையா?

இரகசிய ஆவணங்களைக் கையாளும் பதவிக்குக் கடும் பரிசோதனை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பிரித்தானியா 1974 இல், காலங்கடந்த சிறு தண்டனைகளைச் சாதாரண வேலைக்குச் சொல்லவேண்டியதில்லை என்று சட்டமியற்றியபோதும், அத்தகைய பதவிகளுக்கு விலக்கு வைத்தது. நமது பாராளுமன்றமும் அவ்வாறு எல்லை வகுக்கட்டும். எத்தனை ஆண்டுக்குள், எந்தக் குற்றம் என்று படிவம் தெளிவாகக் கேட்கட்டும். தள்ளுமுன் விண்ணப்பதாரியின் விளக்கத்தைக் கேட்கட்டும்.

அதுவரை, பெற்றோரே, நீதிமன்றத்தில் "குற்றவாளி" என்று பிள்ளை வாய்திறக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் 306 ஐப் பற்றிக் கேளுங்கள். கிடைக்கும் உத்தரவின் பிரதியை எடுத்து, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.