நாட்டுப்பாடலும் நாமம் மாற்றும் அலைவரிசைகளும்

மக்கள் கலையை வளர்ப்பதாகக் கூறித் தோன்றும் வர்த்தகத் தொலைக்காட்சி, தான் காலூன்றியதும் முதலிற் கைவிடுவது அம்மக்களையே. இக்கூற்று மிகையென எண்ணுவோர் அமெரிக்க நாட்டிசை அலைவரிசைகளின் வரலாற்றை நோக்குவாராக.

1983 மார்ச்சில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 'த நாஷ்வில் நெற்வேர்க்' தொடங்கிற்று. குடியானவரும் சுரங்கத் தொழிலாளரும் பாரவண்டிச் சாரதிகளும் தமதெனக் கொண்ட 'கண்ட்ரி' இசையே அதன் முதல். நகரத்தார் எள்ளிய பாடல் நாடெங்கும் ஒலித்தது. பின்னர் நிறுவனம் கைமாறியது. 2000இல் 'நாஷ்வில்' என்ற ஊர்ப்பெயர் நீங்கி 'நஷனல்' புகுந்தது; சுருக்கெழுத்து மூன்றும் மாறாதிருந்தமையால் களவு எளிதிற் புலப்படவில்லை. 2003இல் அதுவே ஆடவர்க்கான 'ஸ்பைக்' ஆயிற்று. 2018இல் 'பரமவுண்ட்' ஆயிற்று. 1995இன் இறுதி நாளில் எழுந்த 'கிறேற் அமெரிக்கன் கண்ட்ரி'யும் 2021இல் குடும்பப் பொழுதுபோக்கு அலைவரிசையாகித் தன் பெயரிலிருந்த 'கண்ட்ரி'யைக் களைந்தது. ஆயின் 1925இல் நாஷ்வில் வானொலியில் ஆரம்பித்த 'கிராண்ட் ஓல் ஒப்றி' இன்றும் நிகழ்கின்றது. அது மக்கள் முன்னிலையிற் பாடப்படுவது; ஆதலின் அதன் வேர் அறவில்லை.

அயலார் கதை நமக்கேன் என்பீர். தமிழில் 2020இல் தோன்றிய 'விஜய் மியூசிக்', ஈராண்டுகளில் 'விஜய் டக்கர்' எனப் பெயர் மாறிற்று. 2004இல் வந்த சன் மியூசிக்கும் 2008இல் வந்த இசையருவியும் இசையென்று முதன்மையாகக் கொண்டது திரைப்பாடலையே. நாட்டுப்பாடகர் செந்தில் கணேஷ் 2018இல் 'சூப்பர் சிங்கர்' போட்டியில் வென்றமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு மக்களின் வாழ்க்கைப் பாடல், போட்டியின் ஒரு சுற்றாகக் குறுகுவது வளர்ச்சியாகுமா? அமெரிக்கர் தம் பாடலுக்கென ஓர் அலைவரிசை பெற்று இழந்தனர். நாமோ பெறாமலே இழந்துகொண்டிருக்கிறோம்.

வாழைச்சேனைக் கரையில் நின்று இதனைச் சிந்தியுங்கள். கரைவலை இழுப்போரின் அம்பா, களவெட்டியின் பொலிப்பாட்டு, தமிழரும் முஸ்லிம்களும் பொதுவுடைமையாய்ப் போற்றிய கவி ஆகியன இம்மண்ணின் செல்வங்கள். வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை வெளியிட்டு இந்நாட்டின் மரபுகளை எழுத்தில் நிறுத்தினார். ஏட்டில் நின்றது சொல். அதனைப் பாடிய குரலை யார் நிறுத்தினர்?

"இயந்திரம் சூடடிக்கையில் பொலிப்பாட்டு எதற்கு? மக்கள் விரும்புவதையே அலைவரிசைகள் தருகின்றன" என்பர் சிலர். தொழில் மாறினாற் பாட்டும் மாறும் என்பதை நாம் மறுக்கவில்லை. பழமையைக் கண்ணாடிப் பெட்டியிற் பூட்டவும் கேட்கவில்லை. ஆயின் கேளாத பாடலை ஒருவன் விரும்புவது எங்ஙனம்? இடைவிடாது ஒன்றையே ஊட்டிவிட்டு, அதுவே அவனது சுவையென்பது வணிகரின் தருக்கம்.

எனவே இரண்டு கடமைகள் நம்முன் உள. 1982 முதல் இயங்கும் ரூபவாஹினியும் 2009இல் தொடங்கிய வசந்தமும் அரசுடைமையாதலின், அவற்றில் இப்பிரதேசக் குரலுக்கு நிலையான நேரம் கோருவது நம் உரிமை. அதனினும் முந்தியது நம் சொந்தப் பணி. வந்தாறுமூலை வளாகத்திலிருந்து வாழைச்சேனை தொலைவன்று. ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியாகும் தொலைபேசி உண்டு. முதியோரிடம் செல்வோம், பாடுவோரின் சம்மதத்துடன் பாடலையும், அது பிறந்த தொழிலையும் சூழலையும் பதிவுசெய்வோம். ஆய்வு, பட்டத்துக்கு மட்டுமே உரியதன்று.

அலைவரிசைகள் நாளை வேறு பெயர் சூடும். பாடிய கிழவியின் குரல் அடங்கிவிடின், அதனை எப்பெயரிட்டு அழைத்தாலும் திரும்பி வராது.