கேஸ் குழாயில் கை வைக்காதீர்கள்



வெயில் ஏறியதும், கார் ஏ.சி.யை வீட்டு வாசலிலேயே நாமே பார்த்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். கேபின் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அப்பியிருக்கும் மண்ணையும் பூச்சிகளையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குளிர் குறைவதற்குப் பல நேரம் இவைதாம் காரணம். இன்ஜின் ஆறட்டும், சாவி வெளியே இருக்கட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும், விரல் போய்விடும்.

கேஸ் குழாய்க்கு அருகே வந்ததும் நிறுத்திவிடுங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ், மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. குழாயைத் தளர்த்தியதும் பீறிடும் அந்தத் திரவம் தோலை உறையவைக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உச்சி வெயிலில் ஏ.சி. ஓடும்போது உயர் அழுத்தக் குழாயில் 200 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல ஆறேழு மடங்கு. கடையில் கிடைக்கும் சிறு கேஸ் டப்பாவைத் தவறுதலாக அந்தப் பக்கம் இணைத்தால் டப்பாவே வெடிக்கக்கூடும். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மூடிய ஷெட்டில் கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது, உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் அதில் ஓடுகிறது.

தப்பித்தவறி கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேஸ் பெட்ரோல்போல் செலவாவதில்லை. வருடா வருடம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது பணத்துக்கும் கேடு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் ஒரு வாயுவைக் காற்றில் விடுவதும்கூட. மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்.பி.ஜி. கலந்த கேஸை ஏற்றச் சம்மதிக்காதீர்கள். அது எளிதில் தீப்பற்றும்; அது ஓடும் கூலிங் காயில் இருப்பதோ டேஷ்போர்டுக்குள், உங்கள் குழந்தைகள் உட்காரும் அறையில்.

மெக்கானிக்கிடம் போகும்போது, கசிவுச் சோதனைக்கு நைட்ரஜன்தானே வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதைக் காட்டி, எடைபோட்டே நிரப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்